ஆறடிக் குழல்

சுருதி சேர்க்கிறவர் ஆர்கனுக்குள் ஏறிப் போய்விட்டார்.
உள்ளிருந்து "அடுத்தது" என்பார்.
அடுத்த கட்டையை அழுத்துவது என் வேலை.
சம்பளம் கிடையாது. சபைக்குக் கணக்கெழுதுவதும் நான்தான்,
அதற்கும் கிடையாது.

கணக்கெழுதுகிறவளுக்குப் பழைய கணக்கைப்
புரட்டும் வியாதி வரும்.

1896. ஆர்கன் வாங்குவதா என்று கூட்டம்.
"தொண்டையைக் கொடுத்தவர் தகரத்தையா கேட்டார்?"
என்று எழுந்து போனார் ஹானிபல் நங்கிவெல்.
பின்னால் பதினான்கு பேர்.
எதிர்த்தெருவில் பலகைக் கூரை போட்டு
எட்டு வருஷம் வெறும் வாயால் பாடினார்கள்.
இங்கே இளைப்புக் கண்ட ஒரு ஆர்மோனியம்.
கோடையில் ஜன்னல்கள் திறந்தால்
இரண்டு மெதடிஸ்ட் சபைகளும் ஒரே ஞானப்பாட்டை
அரைவரி முன்பின்னாகத் துரத்தும்.
கர்த்தர் எதை முதலில் கேட்டாரோ.

கார்ன்வாலிலிருந்து மிச்சிகனுக்குச்
செம்பு தோண்ட வந்தவர்களின் பெண்கள்
பேஸ்ட்டி சுட்டு விற்றார்கள்.
மாட்டிறைச்சி, கிழங்கு, மிளகு, ஓரத்தில் தடித்த மடிப்பு,
ஒன்று பதினைந்து சென்ட்.
"இதுவரை நாலாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு."
பக்கத்தில் யாரோ பென்சிலில்:
கெசையா ஜோரி மடித்தது மட்டும் பிரிவதே இல்லை.

1904 மார்ச். மூன்றாம் குழியில் நெருப்பு.
பதினோரு பேர். அவளுடைய டிகரியும்.
ஆர்கன் கணக்கில் துண்டு விழுந்த இருநூறு டாலரை
ஏப்ரலில் சுரங்கக் கம்பெனி கொடுத்தது.
நன்றித் தீர்மானம் நிறைவேறியது,
ஒரு கை தூக்கப்படாமல்.

அக்டோபரில், ஏரி உறையும் முன், கப்பலில் வந்தது:
நாற்பத்தொரு பெட்டி, வைக்கோலில் படுத்த குழல்கள்.
துருத்தி மிதிக்க இரண்டு பையன்கள்.
முதல் ஞாயிறு எல்லாம் பாடின.
மிதிகட்டையில் கீழ் எஃப் மட்டும் வாய் திறக்கவில்லை,
ஆளுயர மரக்குழல், ஆறடி.
"எஃப் ஊமை. ஈரம்" என்று குறித்திருக்கிறார்கள்.
அதே வாரம் நங்கிவெல் சபைக்குத் திரும்பினார்.
காரணம் எழுதப்படவில்லை.
ஏணி ஒன்று பழுது பார்த்த செலவு, முப்பது சென்ட்.

எஃப் ஊமை. ஈரம்.
எஃப் ஊமை. ஈரம்.
அறுபத்தேழு வருஷம் இதே வரி, ஒன்பது கையெழுத்தில்.
ஒன்பது பேரும் திறந்து பார்க்காமலா இருந்திருப்பார்கள்?
பார்த்துவிட்டு மூடினார்கள் என்பது என் கணக்கு.
வாசிக்கிறவர்கள்
பலகை போன படியை இருட்டில் தாண்டுவதுபோல்
தாண்டப் பழகினார்கள்.
பாடுகிறவர்களும் அந்த இடத்தில்
மூச்சு வாங்கப் பழகினார்கள்.

1971இல் வந்த அர்வோ லாஹ்தினென் வெளியூர்க்காரர்,
பின்லாந்து வம்சம், எங்கள் வாய்மூடல் தெரியாதவர்.
குழலின் வாயில் இரண்டு விரலை விட்டு இழுத்தார்.
சாம்பல் நிறக் கம்பளிக் காலுறை, ஒற்றை.
குதிகாலில் இருவேறு நூலால் தைத்த ஒட்டு.
உள்ளே நாலாக மடித்த சம்பளச் சீட்டு:
டி. ஜோரி. மார்ச் 9, அரை நாள்.
மெழுகுவர்த்திக்குப் பிடித்தம், எட்டு சென்ட்.

தூசி தட்டினார். எஃப் பேசியது.
அதைக் குரல் என்று சொல்ல மாட்டேன்.
தரைப்பலகை வழியாக முழங்காலுக்கு ஏறியது.

அடுத்த ஞாயிறு மூன்றாம் வரியில்
எல்லோரும் வழக்கம்போல் மூச்சு வாங்க நின்றார்கள்.
அந்த இடைவெளியில் அது தனியாக நின்றது.
யாரும் சேரவில்லை.
குழலைத் திரும்ப அடைப்பதா என்று கூட்டம் போட்டார்கள்.
"விவாதம் தொடரும்" என்று பக்கம் முடிகிறது.
அடுத்த பக்கம் கூரை ஒழுகல் பற்றியது.

இப்போது பத்தொன்பது பேர்.
போன மாதம் இன்சூரன்சுக்குப் பொருள் பட்டியல் கேட்டார்கள்.
ஆர்கன், இயங்குவது.
ஞானஸ்நானத் தொட்டி, விரிசல் உண்டு.
காலுறை, ஒன்று.
மதிப்பு என்ற கட்டத்தில்
எட்டு சென்ட் என்று எழுதி, அடித்து,
காலியாக விட்டேன்.

"அடுத்தது" என்கிறார் உள்ளிருந்து.
என் கால் எஃப் மேல் இருக்கிறது.
"காது கேட்கிறதா? அடுத்தது."
கேட்கிறது.